கண்டுபிடிப்பாளர்களை வைத்து ஆங்கிலம்: ஒரு பயிற்சி நூலோடு நான்கு மாதங்கள்

புத்தகத்தின் 17-ஆம் பக்கத்தில் 'பொருத்துக' பகுதி. இடப்பக்கம் பத்துப் பொருள்கள், வலப்பக்கம் பத்துப் பெயர்கள். மின்மோட்டாருக்கு எதிரே மைக்கேல் ஃபாரடே பெயருக்குக் கோடு போட வேண்டும். என் மகள் போட்டுவிட்டாள். விடைக்குறிப்பும் அதையே சொல்கிறது. கோவை கணபதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன் நான். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. அன்று இரவு பதினொன்றரை வரை நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அப்படி உட்கார வைத்ததற்காகவே இந்தப் புத்தகத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பயிற்சி நூல் இது. மொத்தம் 24 பாடங்கள், பாடத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு. ஒரு பக்க வாசிப்பு, பத்துப் புதுச் சொற்கள், ஓர் இலக்கணப் பகுதி, இருவர் பேசிக்கொள்ளும் உரையாடல், கடைசியில் சொந்தமாக எழுத ஒரு பக்கம். 160 பக்கங்கள், விலை 280 ரூபாய். கொடிசியா வளாகத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில் கழிவு போக 250 ரூபாய்க்கு வாங்கினேன். பிழைகளைப் பட்டியலிட்டுப் பதிப்பகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். திருத்துவதற்கு அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதால் புத்தகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே அமைப்பில் வேறு நூல்களும் கடைகளில் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு இந்த அனுபவம் உதவும்.

மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. ஆங்கிலத்தில் மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. கட்டுரையை மனப்பாடம் செய்து ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிடுவாள். ஆனால் சென்ற மே மாதம் கடைக்கு வந்த வடநாட்டு என்ஜினியர் ஒருவர், தன் கம்பெனி மோட்டார் ஏன் எரிந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. கருகிய காயிலை, அதாவது கம்பிச் சுருளை, பிரித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்துப் புரிந்துகொண்டார். காரணம் எனக்குத் தெரியும், சொல்லத்தான் சொல் இல்லை. அந்தக் குறை என்னோடு நிற்கட்டும், அவளுக்கு வேண்டாம் என்பதுதான் புத்தகம் வாங்கிய காரணம்.

முதலில், இந்தப் புத்தகம் மிக நன்றாகச் செய்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் பாடத்தின் பின்பாதியில் 'டிஸ்கவர்', 'இன்வென்ட்' என்ற இரண்டு சொற்களுக்கு முழுதாக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு தேவை என்பது தமிழில் யோசிப்பவருக்குத்தான் தெரியும். நம் வாயில் எல்லாமே 'கண்டுபிடித்தல்'தான். அமெரிக்காவையும் கண்டுபிடித்தார்கள், ரேடியோவையும் கண்டுபிடித்தார்கள், தொலைந்த சாவியையும் கண்டுபிடிக்கிறோம். அறிவியல் பாடநூல்கள் 'கண்டறிந்தார்' என்று ஒரு வேறுபாடு காட்டப் பார்க்கின்றன. பேச்சில் அது நிற்பதில்லை. என் மகள் முதல் நாள் எழுதிய வாக்கியம்: 'ஐ இன்வென்டட் மை பென் அண்டர் த பெஞ்ச்'. இலக்கணத்தில் குற்றமில்லை. பேனாவை அவளே பெஞ்சுக்கு அடியில் உருவாக்கியதாகப் பொருள் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைப் பிரித்துக் காட்டப் புத்தகம் கலிலியோவை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். தொலைநோக்கியை முதலில் செய்தவர் அவர் இல்லை. 1608-லேயே ஹாலந்தில் கண்ணாடி செய்யும் தொழிலாளியான ஹான்ஸ் லிப்பர்ஷே அதற்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். செய்தி கேள்விப்பட்டுத் தானும் ஒன்றைச் செய்து, அதன் ஆற்றலைப் பெருக்கி, 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைப் பார்த்தவர் கலிலியோ. குழாய் மனிதன் செய்தது, நிலவுகள் அங்கே முன்பே இருந்தவை. ஒரே கதையில் இரண்டு வினைச்சொல்லும் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அடுத்து பெனிசிலின். 1928-ல் ஃபிளெமிங் அதைக் கண்டறிந்தார். அதை ஊசியில் ஏற்றக்கூடிய மருந்தாக மாற்றிக் காட்டியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியும் செயினும் அவர்களோடு உழைத்தவர்களும். 1945 நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்துத்தான். இந்த ஒரு பக்கத்துக்குப் பிறகு மகள் அந்த இரண்டு சொற்களையும் மாற்றிப் போட்டு நான் பார்க்கவில்லை.

இதே புத்தகம்தான் ஏழாம் பாடத்தில் ஜேம்ஸ் வாட்டிடம் வந்து சறுக்குகிறது. கெண்டியின் மூடி ஆவியில் துள்ளுவதைச் சிறுவன் வாட் பார்த்தான், நீராவி எந்திரம் பிறந்தது என்று அரைப் பக்கப் படத்தோடு போட்டிருக்கிறார்கள். கீழே கோடிட்ட இடம் நிரப்புக: நீராவி எந்திரத்தை இன்வென்ட் செய்தவர் யார்? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இரண்டாம் பாடத்தில் அவ்வளவு அக்கறையாகச் சொல்லின் பொருளைப் பிரித்துக் காட்டியவர்கள் இங்கே எப்படி இதை விட்டார்கள்?

வாட்டின் உண்மைக் கதை கெண்டிக் கதையைவிடச் சிறந்தது. தாமஸ் நியூகோமனின் எந்திரம் 1712 முதலே இங்கிலாந்தின் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுது பார்க்கும் வேலையில் இருந்த வாட்டிடம், 1763-64 குளிர்காலத்தில், அந்த எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று ரிப்பேருக்கு வந்தது. சரி செய்து ஓட்டினார். சில அடிகள் அடித்ததும் நின்றுபோனது. ஏன் இவ்வளவு ஆவியை விழுங்குகிறது என்று பார்த்தார். ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டரைச் சூடாக்குவதும், ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீர் பாய்ச்சி அதே சிலிண்டரைக் குளிர வைப்பதுமாக வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகிக்கொண்டிருந்தது. குளிர்விப்பதைத் தனியாக வேறொரு கலத்தில் வைத்துக்கொண்டால் சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். 1765-ல் தோன்றிய யோசனை, 1769-ல் காப்புரிமை.

ரிப்பேருக்கு வந்த பொருளைச் சரி செய்து கொடுத்துக் கூலி வாங்கியதோடு நிறுத்தாமல், இது ஏன் இப்படி என்று கேட்ட மனிதர் அவர். தினமும் பழுதுபட்ட மோட்டாரோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு இது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் மகளிடம் இதைத் தமிழில் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அப்படியானால் வாட் உன்னைப் போல ஒரு மெக்கானிக்கா, அப்பா?" பிறகு கெண்டிப் படத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, இந்தக் கதையை எட்டு வாக்கியங்களில் தானே ஆங்கிலத்தில் எழுதினாள். 'ரிப்பேர்', 'இம்ப்ரூவ்', 'வேஸ்ட்', 'செபரேட்' எல்லாம் அவள் அறிந்த சொற்களே. ஆவியைக் குளிர்விக்கும் அந்தத் தனிக் கலத்தின் பெயரான 'கண்டென்ஸர்' ஒன்றுக்குத்தான் அகராதி எடுத்தோம். புத்தகம் கேட்ட கோடிட்ட இடத்தில் ஒரு பெயர் மட்டும்தான் வந்திருக்கும்.

இங்கேதான் இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம் இருக்கிறது. 'இன்னாரால் இன்னது கண்டுபிடிக்கப்பட்டது' என்ற ஒரே அச்சில் இருபது வாக்கியம் வார்த்தால் ஆங்கிலமும் வளராது, உண்மையும் தெரியாது. ஒரு பொருள் எப்படிப் படிப்படியாக வந்தது என்று சொல்ல முயன்றால், எல்லாக் காலங்களும், 'ஆல்தோ', 'அன்டில்', 'பிஃபோர்' போன்ற இணைப்புச் சொற்களும் தாமாகவே தேவைப்படும். ஆறாம் பாடம் இதற்குச் சாட்சி. மின்விளக்குப் பாடம் அது. நியூகாஸிலில் ஜோசஃப் ஸ்வான் 1879 தொடக்கத்திலேயே தன் கார்பன் இழை விளக்கை மக்கள் முன் எரிய வைத்துக் காட்டியிருந்தார். எடிசனின் விளக்கு அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்தது. 1883-ல் இருவரும் சேர்ந்து இங்கிலாந்தில் ஒரே கம்பெனி ஆனார்கள். 'ஸ்வான் ஹேட் ஆல்ரெடி ஷோன்...' என்று தொடங்கும் வாக்கியத்தை என் மகள் எழுதியபோது, எதற்கு அந்த 'ஹேட்' என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல வேண்டிய அவசியம் அந்தக் கதையிலேயே இருந்தது. பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. இங்கே அது எளிதாகிவிட்டது.

ஆனால் அதே புத்தகத்தின் 17-ஆம் பக்கத்தில் மின்விளக்கு என்றால் எடிசன், கோடு போடு! ஆறாம் பாடத்தை எழுதியவரும் அந்தப் பக்கத்தை எழுதியவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை போலும்.

மோட்டாருக்கு வருகிறேன். ஃபாரடே 1821-ல் பாதரசக் கிண்ணத்தில் தொங்கிய கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். மின்சாரத்தால் சுழற்சி உண்டாகும் என்று முதன்முதலில் காட்டியது அது. அதற்கு மேல் அதனால் ஒரு வேலையும் செய்ய முடியாது. 1837-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கொல்லர் தாமஸ் டாவென்போர்ட் தன் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். பாட்டரி செலவு கட்டுப்படியாகாமல் அது பரவவில்லை. சுழலும் காந்தப்புலத்தை இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியே 1888-ல் வெளிப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி மூன்று பேஸில் ஓடும், ரோட்டார் எனும் சுழலும் பகுதி கூண்டு வடிவில் உள்ள மோட்டாரைச் செய்தார். இன்று என் கடையில் வரிசையாகக் கிடக்கும் பம்ப்செட் மோட்டார்களின் ரோட்டார் அந்தக் கூண்டுதான். எத்தனையோ கைகள் பட்டு வந்த பொருளை ஒரு பெயருக்குக் கோடு போட்டு முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அன்று இரவு பதினொன்றரை ஆனது. மறுநாள் மகள் கடைக்கு வந்து, பிரித்து வைத்த ரோட்டாரைத் தொட்டுப் பார்த்து, 'திஸ் இஸ் நாட் ஃபாரடேஸ் மோட்டார்' என்றாள். யாரும் கேட்காமல் அவள் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கில வாக்கியம் அது.

செயப்பாட்டு வினைக்கும் ஒரு வழி எங்கள் கடையிலேயே கிடைத்தது. புத்தகத்தில் மூன்றாம் பாடம் முழுக்க, எடிசன் செய்தார் என்பதை எடிசனால் செய்யப்பட்டது என்று திருப்பிப் போடச் சொல்கிறார்கள். எதற்காகத் திருப்ப வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது. செய்தவர் யார் என்பது முக்கியமில்லாமல் வேலை முக்கியமாக இருக்கும்போதுதான் அந்த வடிவம் உயிரோடு இருக்கிறது. ஆகவே வைண்டிங் வேலையை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். சுற்றுகளின் எண்ணிக்கையும் கம்பியின் கேஜும் குறித்துக்கொள்ளப்படுகின்றன. எரிந்த காயில் வெட்டி எடுக்கப்படுகிறது. காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட் சுத்தம் செய்யப்பட்டு, மின்கசிவைத் தடுக்கும் லெதராய்டு பேப்பர் வைக்கப்படுகிறது. புதுக் காயில் சுற்றி இறக்கப்படுகிறது. மூங்கில் குச்சி செருகப்படுகிறது. நூலால் கட்டப்படுகிறது. வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைக்கப்படுகிறது. பன்னிரண்டு வாக்கியங்கள், எல்லாமே செயப்பாட்டு வினை, ஒன்றில்கூட 'அப்பாவால்' என்று இல்லை. உங்கள் வீட்டில் தறி இருந்தால் தறியை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், பேக்கரி இருந்தால் பன் செய்வதைச் சொல்லச் சொல்லுங்கள்.

பாடங்களில் ஆகச் சிறந்தது 21-ஆம் பாடம், ஸ்டெஃபனி குவோலெக். மருத்துவம் படிக்கப் பணம் சேர்ப்பதற்காக டூபான்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். டயருக்கு உறுதியும் எடைக்குறைவும் உள்ள இழை தேடிக்கொண்டிருந்த 1960களின் நடுவில், அவர் கலக்கிய கரைசல் ஒன்று மற்றவை போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இல்லாமல் மோர் போல நீர்த்துக் கலங்கி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கீழே கொட்டியிருப்பார்கள். அவர் அதை இழையாக்கிப் பார்க்க வேண்டும் என்றார். இழை எந்திரத்தைக் கவனித்த தொழில்நுட்பப் பணியாளர், நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று மறுத்துவிட்டார். குவோலெக் விடவில்லை. கடைசியில் ஓட்டிப் பார்த்தபோது இழை அறவே அறுபடவில்லை. குண்டு துளைக்காத உடுப்புகளில் இருக்கும் கெவ்லார் அதுதான். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு உறுதி.

இந்தப் பாடத்தின் உரையாடல் அந்த இருவருக்கும் நடந்த வாக்குவாதம். பணிவாகக் கேட்பது, மறுப்பது, மீண்டும் கேட்பது. நான் பணியாளர், மகள் குவோலெக். புத்தகப்படி மூன்றாவது முறை கேட்டதும் நான் சம்மதிக்க வேண்டும். நான் சம்மதிக்கவில்லை. 'நோ. இட் வில் பிளாக் த ஹோல்ஸ்' என்று மறுபடியும் சொன்னேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், அதில் அடுத்த வரி இல்லை. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு, 'ஐ வில் கிளீன் த ஹோல்ஸ் மைசெல்ஃப். ப்ளீஸ் ரன் இட் ஒன்ஸ்' என்றாள். சமையலறையிலிருந்து அவள் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். நான் உடனே எந்திரத்தை ஓட்டிவிட்டேன்.

லூயி பிரெய்ல் பாடமும் நன்று. தந்தையின் தோல் பட்டறையில் மூன்று வயதில் குத்தூசி பட்டுக் கண் போனதும், சார்ல் பார்பியே என்பவர் வகுத்த, தொட்டுப் படிக்கும் எழுத்தின் பன்னிரண்டு புள்ளிகளை, ஒரே விரல் நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளாகப் பதினைந்து வயதிலேயே குறைத்ததும் சிறுசிறு வாக்கியங்களில் தெளிவாக வந்திருக்கின்றன. தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்கும் அதே ஆறு புள்ளிகள்தான் பயன்படுகின்றன என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மேரி ஆண்டர்சன் பாடம் சிறியது. பனியில் கண்ணாடி தெரியாமல் திண்டாடிய நியூயார்க் டிராம் ஓட்டுநரைப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்தே கைப்பிடியால் இயக்கும் துடைப்பானுக்கு அவர் 1903-ல் காப்புரிமை பெற்றார். மழை நாளில் பஸ்ஸின் முன்வரிசையில் உட்கார்ந்து வந்த மகளுக்கு இது பிடித்துப்போனது. மற்ற பாடங்கள் சுமார்.

குறைகளில் பெரியது ஒலிப்பதிவு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கியூஆர் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். 11 முதல் 14 வரையிலானவை திறக்கவே இல்லை. திறப்பவற்றில் வாசிப்பவர் ஓடுகிறார். வாக்கியம் எங்கே முடிந்தது என்று பிடிபடுவதற்குள் அடுத்தது. 'இன்வென்ட்' என்ற சொல்லில் அழுத்தம் பின்பாதியில் விழ வேண்டும் என்பதுபோல ஒரு குறிப்பும் எங்கும் இல்லை. அடுத்தது கட்டமைப்பு. பசை மட்டும் போட்டு ஒட்டியதால் இரண்டாம் மாதமே ஒன்பதாம் பாடம் கையோடு வந்துவிட்டது. காயில் கட்டும் நூலால் நானே முதுகில் தைத்தேன், இப்போது உறுதியாக இருக்கிறது. பிள்ளைகள் தினமும் விரித்து எழுத வேண்டிய புத்தகத்தைத் தைத்துக் கொடுத்தால் இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.

24 பேரில் இந்தியர் ஒருவர்தான், ஜெகதீஷ் சந்திர போஸ். கோவையில் விற்கும் புத்தகத்தில் ஜி.டி. நாயுடு இல்லாதது எனக்கு வருத்தம். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து சில ஆண்டுகளில், 1937-ல், அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இந்த ஊரில்தான் உருவாக்கினார்கள். எங்கள் தொழிலே அதிலிருந்து வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசி சாலையில் உள்ள அவரது அருங்காட்சியகத்துக்குப் போனோம். திரும்பி வந்து 25-ஆம் பாடத்தை மகளே எழுதினாள்: வாசிப்பு ஒரு பக்கம், புதுச் சொல் பத்து, கேள்வி ஐந்து. அவளுடைய தோழிகள் இருவர் அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதினார்கள், இவள் திருத்தினாள்.

ஒலிப்பதிவு வேலை செய்யாத பாடங்களுக்குப் பதிலாகக் கேட்டுப் பழக நான் தேர்ந்தெடுத்தது அருணாசலம் முருகானந்தம் 2012-ல் டெட் மேடையில் பேசியது. கோவை பாப்பநாயக்கன்புதூர்க்காரர், மலிவு விலை சானிட்டரி நாப்கின் எந்திரத்தை உருவாக்கியவர், பத்மஸ்ரீ. அவர் பேசும் ஆங்கிலம் இலக்கணப் புத்தகத்துக்குள் அடங்காது. ஆனால் அரங்கம் முழுவதும் அவரோடு சிரிக்கிறது, அவரோடு அமைதியாகிறது. தப்பாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் கட்டாயம் அதைக் கேட்க வேண்டும். மகள் இரண்டு முறை கேட்டாள். பெண்களுக்கான விஷயத்தை அப்பாவோடு உட்கார்ந்து கேட்பதில் முதலில் இருந்த தயக்கமும் பாதியிலேயே போய்விட்டது.

வாங்கலாமா என்றால், பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கு வாங்கலாம். பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவதாக இருந்தால் வேண்டாம். அது 'பொருத்துக' பக்கங்களை மட்டும் முடித்து வைத்துவிடும். 17-ஆம் பக்கத்தையும் ஏழாம் பாடத்தையும் பென்சிலோடு படியுங்கள். இரண்டாம், ஆறாம் பாடங்களை விட்டுவிடாதீர்கள். 21-ஆம் பாடத்தில் பணியாளர் பங்கைப் பெரியவர் எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் எழுதியிருப்பதைவிட இரண்டு முறை கூடுதலாக மறுத்துப் பாருங்கள்.